பெப்ரவரியில் எழுதிய நிரல்

அந்தக் கணினி நிரலை நான் எழுதியது ஒரு பெப்ரவரி மாதத்தில். பிழை முழுவதும் அதற்குள்தான் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு காலைப்பொழுது தேவைப்பட்டது.

தரவுத்தளங்களைப் பராமரிக்கும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். பெக்கப் என்ற காப்பு நகலை எடுப்பது எப்படி, மீட்பது எப்படி என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் தேடிப் படியுங்கள், அதற்குத்தானே சம்பளம் தருகிறார்கள். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இப்போதும் காலையில் கல்லடிப் பாலத்தில் நடக்கும்போது அது நினைவுக்கு வந்தால் தனியாகச் சிரிப்பேன்.

நம் மாவட்டத்தில் ஒரு வைத்தியசாலை. எது என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அந்த வருடம் தை மாத வெள்ளத்தில் அங்கே இரத்த வங்கியின் பழைய பதிவேடுகள் நனைந்துவிட்டன. யாருக்கு எப்போது இரத்தம் ஏற்றினார்கள், யாருடைய உடம்பு எதை ஏற்றுக்கொள்ளவில்லை என்பதெல்லாம் கையால் எழுதிய பெரிய பெரிய புத்தகங்கள். காயப்போட்டுப் பார்த்தார்கள். காய்ந்ததும் பூஞ்சணம் பிடித்தது. ஆகவே எல்லாவற்றையும் கணினியில் ஏற்றுவது, ஏற்றி முடிந்த புத்தகத்தை எரித்துவிடுவது என்று முடிவானது. ஏற்றியவர் இரத்த வங்கியில் வேலை செய்த ஏறாவூர்ப் பெண். எல்லோருக்கும் அவர் ‘மிஸ்’. என்னை ‘அக்கா’ என்பார். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, தும்மித் தும்மி, பக்கம் பக்கமாகத் தட்டச்சு அடித்தார்.

தரவுத்தளத்தை அமைத்துக் கொடுத்தது நான். பெக்கப் எடுக்கும் நிரலை எழுதியதும் நான். வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்றரைக்கு முழுத் தரவுத்தளத்தின் நகலும், மற்றபடி மணிக்கொரு தரம் லொக்கும் நடைவழியின் மறுகோடியில் இருந்த ஆவண அறைக் கணினிக்குப் போய்ச் சேரும். லொக் என்றால், நடந்த மாற்றங்களை நடந்த ஒழுங்கிலேயே குறித்து வைக்கும் கோப்பு. இரத்த வங்கியில் தரவுத்தளம் ஓடும் சேர்வர் செத்தாலும் நகலைப் போட்டு, அதன்மேல் லொக்குகளை வரிசையாக ஓட்டினால் விட்ட இடத்துக்கு வந்துவிடலாம். உங்களுக்குத் தெரிந்ததுதான், இதை உங்கள் வீட்டில் யாராவது எடுத்துப் படித்தால் அவர்களுக்கும் விளங்கட்டுமே என்று சொல்கிறேன். பெப்ரவரியில் நாலு வாரம் ஓட்டிப் பார்த்தேன். ஒரு பிசகும் இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சேர்வர் செத்தது சித்திரைக் கடைசியில். மழையில்லை, காற்றில்லை, நல்ல வெயில் காலை. ஹார்ட் டிஸ்க் இரண்டு தரம் கடகடத்துவிட்டு அடங்கிவிட்டது. ஏழரைக்கு மிஸ் போன் எடுத்தார், எட்டரைக்கு நான் அங்கே நின்றேன். பெக்கப்தான் இருக்கிறதே, பத்து மணிக்குள் முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சமைக்கலாம் என்ற நினைப்பு எனக்கு.

மகப்பேற்று டொக்டர் இரத்த வங்கியின் வாசலிலேயே நின்றார்.

“மேடம், பனிச்சங்கேணியில இருந்து ஒரு அம்மா வந்திருக்கிறா. மூண்டாவது பிள்ளை. நச்சுக்கொடி கீழ இறங்கி இருக்கு, விட்டு விட்டு இரத்தம் போகுது. ரெண்டு மணிக்கு ஒப்பரேசன். கட்டாயம் இரத்தம் ஏத்த வேண்டி வரும். முந்தி ஒருக்கா ஏத்தினது ஒத்துக்கொள்ளயில்லை எண்டு சொல்லுறா. கார்ட் ஒண்டு குடுத்தவங்களாம், அது வெள்ளத்தோட போயிட்டுதாம். எனக்கு அவவின்ர பழைய பதிவு வேணும்.”

“இப்ப சோதிச்சுப் பாத்தா தெரியாதா?” என்று கேட்டேன்.

மிஸ்தான் விளங்கப்படுத்தினார். ஒவ்வாத இரத்தம் உள்ளே போனால் உடம்பு அதை எதிர்க்க ஒரு பொருளை உண்டாக்குமாம். அதில் ஒரு வகை, சில மாதங்களில் இரத்தத்தில் தேய்ந்து, சோதனையில் பிடிபடாத அளவுக்கு மறைந்துவிடுமாம். ஆனால் உடம்பு மறக்காது. அதே இரத்தத்தைத் திரும்ப ஏற்றினால், சில நாளில் அத்தனையையும் கிளப்பிவிட்டு ஏற்றிய இரத்தத்தை உடைத்துத் தள்ளும். ஆளே போகவும் கூடும். கொழும்புக்கு இரத்த மாதிரி அனுப்பியாயிற்று, பதில் இன்றைக்கு வராது என்றார்.

எனக்கு அந்த நேரத்திலும் அதிசயமாக இருந்தது. சோதனைக்கு அகப்படாமல் ஒரு குறிப்பை உடம்பு எங்கே எழுதி வைத்திருக்கிறது? அதை நினைத்துக்கொண்டேதான் ஆவண அறைக்குப் போனேன்.

அங்கே எல்லா வெள்ளிக்கிழமைக்கும் நகல் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘முடிந்தது’ என்று என் நிரல் எழுதி வைத்திருந்தது. கடைசி நகலைத் திறந்தேன், திறக்கவில்லை. முந்தினது, அதற்கு முந்தினது, ஒன்றும் திறக்கவில்லை. அளவைப் பார்த்தால் மூன்றும் அரைகுறை. பங்குனிக் கடைசி வெள்ளிக்கிழமை நகல்தான் முழுசாக இருந்தது. லொக்குகளைப் பார்த்தேன். அங்கேயும் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு மணிநேரத் துண்டுகள் காணாமல் போயிருந்தன. காணாமல் போனவை எல்லாம் பின்னேரத்துத் துண்டுகள். காலையில் ஒன்றுகூடத் தவறவில்லை.

இதென்னடா புதினம் என்று இருந்தது. இயந்திரக் கோளாறு நேரம் பார்த்தா வரும்?

ஆவண அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் செங்கலடியைச் சேர்ந்த ஒரு ஆள், ஓய்வுக்கு ஐந்தாறு மாதம் இருந்திருக்கும். அவரைக் கூப்பிட்டேன்.

“அண்ணே, போன வெள்ளிக்கிழமை பின்னேரம் இந்தக் கொம்பியூட்டருக்கு என்ன நடந்த?”

“என்ன நடக்கிற? ஒண்டுமில்ல. இடி இடிச்சிச்சி, கழட்டினன்.”

“என்னத்தக் கழட்டினீங்க?”

“எல்லாத்தையும்தான். கரண்ட் பிளக், இந்த நீல வயர், பேன், கேத்தல். மழ விட்டதும் திரும்பக் குத்திட்டன்.”

“அதுக்கு முந்தின வெள்ளி?”

“அண்டைக்கும் இடிதானே. சித்திரையில பின்னேரம் இடிக்காம வேற எப்ப இடிக்கிற? மேடம், பன்ரெண்டு வருசமா இந்த அறையில ஒரு சாமான் எரிஞ்சதில்ல. அங்கால வார்ட்டில ரெண்டு டிவி போயிட்டு. ஆரும் கழட்டல்ல.”

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தேத்தண்ணீர்க் கேத்தலைத் தூக்கி எறிந்திருப்பேன். ஆனால், அதற்கு முதல் நாள் பின்னேரம் எங்கள் வீட்டில் முதல் முழக்கம் கேட்டதும் அறை அறையாக ஓடி ஓடிப் பிளக் கழற்றியவள் நான். ரவுட்டர் வயரைப் பிடுங்காமல் இருந்ததற்காக என் மனுசனை ஏசியும் இருந்தேன். நம் ஊரில் இடி கேட்டால் கை தானாகப் பிளக்குக்குத்தான் போகும். இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்து, இது தெரியாதவளைப் போலச் சித்திரை மாதத்துப் பின்னேரம் மூன்றரைக்குப் பெக்கப்பை வைத்திருக்கிறேனே! நகல் முழுதாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமலே ‘முடிந்தது’ என்று எழுதும் நிரலை எழுதியிருக்கிறேனே! பெப்ரவரியில் இடி இல்லை. அதனால்தான் சோதனையில் ஒரு பிசகும் வரவில்லை. அடி மடச்சி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அண்ணனைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.

“சிரிக்கிறீங்க? நான் செய்தது பிழையா?” என்றார்.

“இல்லண்ணே. நீங்க செய்தது சரி. பிழை என்ட.”

பங்குனி நகலைப் போட்டு லொக்குகளை ஓட்டினேன். முதல் இடிப் பின்னேரம் வந்ததும் தரவுத்தளம் நின்றுவிட்டது. நடுவில் ஒன்று குறைந்தால் அது அடுத்ததைத் தொடாது. எப்படியாவது தாண்ட வைக்கவும் வழி உண்டு. உங்களில் சிலருக்கு அந்த வழிகள் தெரிந்திருக்கும், கை துருதுருக்கும். வேண்டாம். ஓட்டையைத் தாண்டி ஓட வைத்த தரவுத்தளம் பார்ப்பதற்கு முழுசாகத்தான் தெரியும். எது உண்மை, எது குறை என்று பிறகு கடவுளாலும் சொல்ல முடியாது. நான் அதை அப்படியே நிறுத்திவிட்டு, மிச்ச லொக்குகளை வேறொரு இடத்தில் வைத்து, வெறுமனே வாசிக்கத் தொடங்கினேன். எனக்கு வேண்டியது ஒரே ஒரு பெயர்.

பத்தரை மணிக்கு அந்தப் பெயர் வந்தது. ஒரு புதன்கிழமை, பின்னேரம் நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அடித்திருந்தார்கள். பனிச்சங்கேணி, வயது, இரத்தவகை, ஏற்றிய திகதி, எல்லாம் சரி. ‘ஒவ்வாமை’ என்ற இடத்தில்: இல்லை.

“கிடைச்சிட்டு!” என்று கத்தினேன். மிஸ் டொக்டருக்குப் போன் எடுத்தார். “அப்ப காய்ச்சல் கீய்ச்சல் வந்ததைத்தான் அந்த அம்மா அப்பிடி நினைச்சிருப்பா. சரி, இருக்கிற இரத்தத்தை ரெடி பண்ணுங்க,” என்றார் டொக்டர். அவருடைய குரலில் பாரம் இறங்கியது எனக்கே கேட்டது.

அத்தோடு எழுந்து தேத்தண்ணீர் குடிக்கப் போயிருக்க வேண்டும். போகவில்லை. எனக்கு ஒரு கெட்ட பழக்கம், தேடிய பொருள் கிடைத்த பிறகும் அது கிடந்த இடத்தைச் சுற்றிப் பார்ப்பேன். அந்தப் பெயருக்கு மேலும் கீழுமாக இருபத்துச் சொச்சம் பெயர்கள் இருந்தன. அத்தனைக்கும் ‘இல்லை’. ஒரு பக்கத்தில் ஒருவருக்குக்கூடவா ஒவ்வாமை இல்லை? வேறு நாட்களில் அடித்த பக்கங்களை எடுத்துப் பார்த்தேன். அங்கேயும் முதலில் எல்லாருக்கும் ‘இல்லை’. கொஞ்ச நேரம் கழித்து, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூன்று திருத்தங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் அப்படித்தான். புதன்கிழமைப் பக்கத்தில் மாத்திரம் திருத்தம் ஒன்றுமில்லை.

“தங்கச்சி, நீங்க ஒரு பக்கத்த எப்பிடி அடிக்கிற?”

மிஸ் இரத்தப் பைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். “முதல்ல பக்கம் முழுக்கப் பேரடிப்பன் அக்கா. எல்லாத்துக்கும் ‘இல்லை’ எண்டு போட்டுட்டுப் போவன். பிறகு முதல்ல இருந்து பாத்து, ஒவ்வாமை எண்டு சிவப்பு மையில எழுதியிருக்கிறதுகள மட்டும் திருத்துவன். அப்பிடிச் செய்தாத்தான் கை கெதியா ஓடும்.”

“புதன்கிழமை நாலு மணியில இருந்து அஞ்சு மணி வரைக்கும் லொக் இல்ல. இடி.”

அவருடைய கை அப்படியே நின்றது. “அல்லாஹ்! அந்த நேரத்திலயா நான் திருத்தின?”

“திருத்தினீங்களா? ஞாபகம் இரிக்கா?”

“எத்தின நூறு பக்கம் அக்கா. எப்பிடி ஞாபகம் இரிக்கிற?” அழுதுவிடுவார் போலிருந்தது. பையைத் திரும்பக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தார்.

டொக்டருக்கு இந்தத் தரம் நானே எடுத்தேன். என் தொழில் வாழ்க்கையில் எடுத்த போன்களில் அதுதான் கஷ்டமானது.

“டொக்டர், அந்தப் பதிவ நம்பாதீங்க.”

“ஸ்க்ரீன்ல ‘இல்லை’ எண்டு இருக்கா, இல்லையா?”

“இரிக்கி. ஆனா அது ஒருத்தரும் பாத்துப் போட்டது இல்ல. அடிக்கிற வசதிக்குப் போட்டது. திருத்தினதா இல்லையா எண்டு எங்களுக்குத் தெரியா.”

“தெரியாதா? மேடம், ரெண்டு மணிக்கு நான் கத்தி வைக்கணும். அரை மணித்தியாலத்துக்கு முதல் கிடைச்சிட்டு எண்டு சொன்னது நீங்கதானே? இப்ப தெரியாது எண்டா, இதென்ன பதில்?”

வெட்கமாக இருந்தது. எத்தனையோ வருடம் வேலை செய்து, கூந்தல் நரைத்து, கடைசியில் ‘தெரியாது’ என்று சொல்வதற்கா இங்கே வந்தேன்? நல்ல ஒரு விளக்கம் சொல்லிச் சமாளிக்கலாம் என்றுகூட ஒரு கணம் வாய் உன்னியது.

“ஓம் டொக்டர். இப்போதைக்கு அதுதான் பதில்,” என்றேன்.

“ஒரு மணி வரைக்கும் பாக்கிறன்,” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

பதினொன்றரை. தொலைந்த ஒரு மணிநேரத்தைத் தோண்டி எடுக்க முடியாது. செத்துப்போன டிஸ்க்குக்கு வெளியே அது எங்கேயும் எழுதப்படவே இல்லை. அப்படியானால், அந்த மணிநேரத்தில் நடந்ததை வேறு யார் பார்த்திருப்பார்கள்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். சும்மா இருப்பதும் வேலைதான், அதை உங்கள் மேலதிகாரிகள் ஒத்துக்கொள்ளாவிட்டாலும்.

அந்தத் தரவுத்தளத்துக்கு ஒரு குணம் உண்டு. ஒரு வரியில் சின்ன மாற்றம் செய்தாலும், சில வேளைகளில், அந்த வரி மட்டுமல்லாமல் அதோடு ஒரே இடத்தில் கிடக்கும் அக்கம்பக்கத்து வரிகளையும் சேர்த்து முழுசாக லொக்கில் நகலெடுத்து வைக்கும். தன் பாதுகாப்புக்காகச் செய்துகொள்வது. இடம் வீணாகிறது என்று நானே முன்பு அலுத்துக்கொண்டிருக்கிறேன். அப்படியானால், புதன்கிழமைக்குப் பிறகு, அந்த இருபத்துச் சொச்சம் பேரில் யாராவது ஒருவருடைய வரியை யாராவது தொட்டிருந்தால்?

பெயர் பெயராகத் தேடினேன். பன்னிரண்டேகாலுக்கு ஒருவர் அகப்பட்டார். ஓட்டமாவடிக்காரர். அடுத்த திங்கட்கிழமை காலை கிளினிக்குக்கு வந்தவர், என்ட போன் நம்பர் மாறிட்டு, இதைப் போடுங்க என்று சொல்லியிருக்கிறார். மிஸ் மாற்றியிருக்கிறார். அந்த ஒரு நம்பருக்காகத் தரவுத்தளம் அவரைச் சுற்றியிருந்த எல்லோரையும் அப்படியே நகலெடுத்து வைத்திருந்தது.

பனிச்சங்கேணிப் பெண் அதில் இரண்டு தரம் இருந்தாள். ‘இல்லை’ என்ற பழைய வரி, கழிக்கப்பட்டதற்கான அடையாளத்தோடு. பக்கத்திலேயே புதிய வரி, புதன்கிழமை பின்னேரம் திருத்தியது. அதில் ‘இல்லை’ என்பதற்குப் பதிலாக, மிஸ் சொன்ன அதே மறைந்து போகும் வகைப் பொருளின் பெயர்.

நான் வாசித்துக் காட்டினேன். மிஸ் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு ஓடினார். குளிர்சாதனப் பெட்டியில் இருந்த அவளுடைய இரத்தவகைப் பைகளை ஒவ்வொன்றாகச் சோதித்ததில் ஒத்துவரக் கூடியவை இரண்டே இரண்டு. காலையில் ரெடி பண்ணி வைத்த பைகளில் அவை இருக்கவில்லை. மூன்றாவது பை வேறொரு வைத்தியசாலையில் இருந்து அம்புலன்ஸில் வந்தது. ஒப்பரேசன் இருபது நிமிடம் பிந்தித் தொடங்கியது. முதல் இரண்டு பைகளும் தேவைப்பட்டன. பெண் குழந்தை.

அறிக்கை எழுதும்போது, ‘ஆவண அறை ஊழியர் அனுமதியின்றி மின் இணைப்பைத் துண்டித்தார்’ என்று எழுதினால் விஷயம் சுலபமாக முடியும் என்று மேலே இருந்து மெதுவாக ஒரு யோசனை வந்தது. அதைச் சொன்னவருடைய வீட்டிலும் இடிக்குப் பிளக் கழற்றுவார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். நிரலை எழுதியவர் இந்த ஊரின் வழக்கத்தை யோசிக்கவில்லை என்று என் பெயரைப் போட்டே எழுதினேன். பெக்கப்பைக் காலை எட்டு மணிக்கு மாற்றினேன். போய்ச் சேர்ந்ததை எண்ணிப் பார்க்காமல் ‘முடிந்தது’ என்று எழுதக்கூடாது என்று நிரலுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அண்ணன் பின்னேரங்களில் வழமைபோலக் கழற்றினார்.

மூன்றாம் நாள் நான் அங்கே வேலையாக இருந்தபோது, வாசலில் ஒரு மனிதர் வந்து நின்றார். வெயிலில் கறுத்த, தோணி வலிக்கிறவரின் தோள்.

“நீங்களா அந்தக் கொம்பியூட்டர் மிஸ்? நான் பனிச்சங்கேணி. என்ட மனுசிதான் உள்ளுக்கு இரிக்கிறா.”

நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அதை வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவர் தொடங்க முதலே சொல்லிவிட்டேன்: “தம்பி, உங்கட மனுசிட பதிவு துலைஞ்சது என்னாலதான். நான் எழுதின நிரல் பிழை.”

அவர் அதைப் பெரிதாக எடுத்ததாகத் தெரியவில்லை.

“அது எனக்குத் தெரியா மிஸ். வெள்ளத்துக்குப் பிறகு ஒவ்வொரு கிளினிக்கிலயும் அவ சென்னவ, எனக்கு எல்லா ரெத்தமும் ஏத்தேலா, முந்தி ஏத்தி மேலெல்லாம் மஞ்சளாப் போய்ச் சாகக் கிடந்தனான் எண்டு. கார்ட் எங்க, கடதாசி எங்க எண்டுதான் எல்லாரும் கேட்ட. கார்ட் இல்லாட்டி அவ சொல்லுற பொய்யா? நீங்க ஒராள்தான் கடதாசி பிழையா இரிக்கும் எண்டு சென்னதாம். டொக்டர் சென்னாரு. அதக் கேட்டு அவ அழுதா. உங்களப் பாக்கணுமாம்.”

நாலு மணித்தியாலம், ஒரு பெண்ணின் உடம்பில் என்ன நடந்தது என்று லொக்கில் தேடியிருக்கிறேன். யார் பார்த்திருப்பார்கள் என்று மண்டையைப் போட்டு உடைத்திருக்கிறேன். அவள் நடைவழிக்கு அந்தப் பக்கத்து வார்ட்டில், முழு நினைவோடு, படுத்துக் கிடந்திருக்கிறாள். ஏற்றிய இரத்தம் உடைந்தால் உடம்பு மஞ்சளாகுமாம்; ‘மஞ்சளாப் போனன்’ என்ற அந்த ஒரு சொல் மிஸ்ஸின் காதில் விழுந்திருந்தால், ‘இல்லை’ என்று வாசித்த கணமே அவர் சந்தேகப்பட்டிருப்பார். அவளிடம் போய் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கணினியை அப்படியே விட்டுவிட்டு அவரோடு வார்ட்டுக்குப் போனேன். பெயரையும் ஊரையும் வயதையும் இரத்தவகையையும் மனப்பாடமாகச் சொல்லுவேன்; கட்டில்களுக்கு நடுவே போய் நின்றபோது, அவள் யார் என்று எனக்குத் தெரியவில்லை. அவர்தான் கையை நீட்டிக் காட்டினார்.